உப்புப் போட்ட ஐஸ்: ரங்கூன் பலகார மாஸ்டர் ஒருவரின் இன்சுலின் பற்றிய நிகழ்வு ஆய்வு

2023 ஜனவரிக்கும் 2024 மார்ச்சுக்கும் இடையில் ரங்கூனில் நடந்தது இது. ஆட்களின் பெயர், கடை, தெரு, கிளினிக் எதையும் குறிப்பிடவில்லை. சர்க்கரை அளவுகள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. யூனிட் எண்கள் இந்த ஒருவருக்கு மட்டும் பொருந்துபவை. படித்துவிட்டு யாரும் அப்படியே போட்டுக்கொள்ளக் கூடாது.

பின்னணி

வயது 52. எடை 61 கிலோ. 11 ஆண்டுகளாக இரண்டாம் வகைச் சர்க்கரை. கடைசி 3 ஆண்டுகளாக இன்சுலின். நகர மையத்தில் தமிழர் ஒருவரின் டீக்கடையில் பலகார மாஸ்டர். பூரி, பலாட்டா (பர்மிய வகைப் பரோட்டா), இட்லி மூன்றும் இவர் பொறுப்பு. அதிகாலை 3.30 மணிக்கு அடுப்பு மூட்டினால் 6 மணியிலிருந்து கூட்டம். 9.30க்குத்தான் சற்று ஓயும், அப்போதுதான் இவருடைய காலைச் சாப்பாடு. பிற்பகல் 1 மணிக்கு வீடு.

போட்டுக்கொண்டிருந்தது 30/70 கலவை இன்சுலின், 10 மில்லி குப்பி, மில்லிக்கு 100 யூனிட். காலை 18, மாலை 12. கூடவே மெட்ஃபார்மின் மாத்திரை, 500 மில்லிகிராம், இரண்டு வேளை. ஜனவரியில் எடுத்த எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி, 7.6 சதவீதம். வெறும் வயிற்றில் 120 முதல் 150. பத்தாண்டு தாண்டிய நோயாளிக்கு, அதுவும் விடிவதற்கு முன் வேலைக்குப் போகிறவருக்கு, இது நல்ல நிலைதான்.

ஒரு குறை மட்டும் அப்போதே இருந்தது. காலை ஊசியை வீட்டிலேயே 3 மணிக்குப் போட்டுக்கொண்டு கிளம்புவார். கடைக்குப் போய் இரண்டு ஈச்சாக்வேயும் (எண்ணெயில் பொரித்த மாவுக் குச்சி) ஒரு டீயும். முழுச் சாப்பாட்டுக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கும். கலவை இன்சுலினில் 30 பங்கு உடனே வேலை செய்வது. மீதி 70 பங்கு மெதுவாக எழுந்து, 4 மணி நேரத்திலிருந்து 10 மணி நேரம் வரை பலமாக இருப்பது. அதாவது ஊசியின் முழு வேகமும் 7 மணிக்கு மேல், வாடிக்கையாளர் வரிசை கட்டி நிற்கிற நேரத்தில், எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் வந்து விழும். கடை டீயில் கோப்பைக்கு இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பால். அதில் மட்டும் சுமார் 20 கிராம் சர்க்கரை. அப்படி மூன்று நான்கு கோப்பை உள்ளே போய்க்கொண்டிருந்ததால்தான் அதுவரை தாழ்சர்க்கரை, அதாவது ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது, வராமல் இருந்தது. டீ அவரைக் காப்பாற்றியது என்று சொல்வது உறுத்தலாக இருந்தாலும் கணக்கு அதுதான்.

மார்ச்: கரண்ட் போனது, டோஸ் ஏறியது

வெயில் காலம் தொடங்கியதும் அவர்கள் பகுதியில் கரண்ட் வெட்டு ஒரு நாளில் 8 மணி நேரமும் 12 மணி நேரமுமாக நீண்டது. தகரக் கூரை போட்ட மர வீடு. பிற்பகலில் உள்ளே 38, 39 டிகிரி. கரண்ட் திரும்பும்போது தெருவில் பிள்ளைகள் "மீ லாப்பி!" என்று கத்துவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் அந்த வீட்டில் முதலில் செய்கிற வேலை, ஃபிரிட்ஜைத் திறந்து இன்சுலின் சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது.

சூட்டில் இன்சுலின் கெட்டுவிடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆகவே மார்ச் முதல் வாரத்தில் மனைவி ஒரு தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் ஏற்பாடு செய்தார். அவருடைய தம்பி தள்ளுவண்டியில் குச்சி ஐஸ் விற்பவர். இரவு 7 மணிக்கு வியாபாரம் முடிந்து வரும்போது மிச்ச ஐஸைக் கொண்டுவந்து பெட்டியில் கொட்டுவார். "உப்பு ஒரு பிடி போடுக்கா, சீக்கிரம் கரையாது" என்று அவர் சொல்ல, மார்ச் 10 வாக்கில் உப்பும் சேர்ந்தது. குப்பியை ஐஸுக்கு நடுவில் செருகி மூடுவார்கள்.

உப்பு ஐஸைக் காப்பதில்லை. அது ஐஸைக் கரைய வைக்கிறது. கரையும்போது சுற்றியிருக்கும் சூட்டை இழுத்துக்கொண்டு கலவை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிறது. குச்சி ஐஸ் உறைவதே இந்த வித்தையால்தான். தம்பி தன் தொழில் அறிவைத்தான் கொடுத்தார். பாலும் சர்க்கரையும் உறைவதற்கான வழியில் இன்சுலினும் உறைந்தது.

அது யார் கண்ணிலும் படவில்லை. மாலை ஊசி 6.30 மணிக்கு, ஐஸ் வருவதற்கு முன். காலை ஊசி 3 மணிக்கு, ஐஸ் முழுக்கத் தண்ணீரான பின். குப்பியைக் கையில் எடுக்கும் இரண்டு வேளையும் உள்ளே இருந்தது திரவம்தான். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அது பால் போலவே தெரிந்தது.

மார்ச் நடுவில் வெறும் வயிற்றில் 240 முதல் 300. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் போனில் கேட்டார்கள். 22ம் 14ம் ஆக்கச் சொன்னார். மார்ச் கடைசியில் புதுக் குப்பி திறந்தார்கள். அதுவும் அன்றிரவே ஐஸுக்குள் போனது. பிறகு 25ம் 16ம். ஏப்ரல் 8ல் 28ம் 20ம். நான்கு வாரத்தில் மொத்த டோஸ் 30லிருந்து 48.

அளவுக் குறிப்பேட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. சர்க்கரை சும்மா உயர்ந்து நிற்கவில்லை. 310, 285, 96, 340, 260, 82 என்று தாறுமாறாக ஆடியது. உணவோ தொற்றோ காரணமென்றால் பொதுவாக எல்லா நாளும் சேர்ந்து ஏறும். இப்படி நடுவில் திடீரென்று 82 விழுவது மருந்து ஒரே சீராக உள்ளே போகவில்லை என்பதற்கான அடையாளம். உறைந்து கெட்ட கலவை இன்சுலினில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். ஊசியில் ஒரு நாள் வெறும் நீர் வரும், ஒரு நாள் கட்டி நிறைந்த பகுதி வரும். போனில் சராசரியை மட்டும் சொன்னதால் இந்த ஆட்டம் மருத்துவருக்குத் தெரியவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 22, காலை 7.40

பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழாவுக்குக் கடை மூடியிருந்து மறுபடி திறந்த வாரம். பழைய குப்பி அடியில் கொஞ்சம் மிஞ்சியிருக்க, ஏப்ரல் 21 காலை ஜெனரேட்டர் உள்ள மருந்துக்கடையிலிருந்து புதுக் குப்பி வாங்கினார்கள். திருவிழா முடிந்தும் ஐஸ் டிப்போ திறக்கவில்லை. மைத்துனரும் வண்டி எடுக்கவில்லை. வேறு வழியின்றிப் புதுக் குப்பியை ஒரு பீங்கான் குவளையில் தண்ணீர் ஊற்றி அதில் நிற்க வைத்தார்கள்.

அதாவது ஆறு வாரத்தில் முதல் முறையாக வீட்டில் நல்ல இன்சுலின் இருந்தது. டோஸ் மட்டும் கெட்ட இன்சுலினுக்காக ஏற்றிய டோஸ்.

21 மாலை 20 யூனிட். அன்றிரவு வியர்த்து எழுந்தார், புழுக்கம் என்று நினைத்துக்கொண்டார். 22 அதிகாலை 28 யூனிட். 3.50க்கு டீயும் ஈச்சாக்வேயும். 7.40க்கு உதவியாளனான பர்மியப் பையன் கவனித்தது இது: மாஸ்டர் பூரி வட்டங்களை எண்ணெயில் போடாமல் சட்டிக்குப் பக்கத்து மேசை விளிம்பில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருக்கிறார். கூப்பிட்டால் பதில் இல்லை. வியர்வையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஏப்ரலில் அடுப்படியில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது. பையன் தோளைத் தொட்டதும் மாஸ்டர் தடுமாறினார். சாரணி எண்ணெயில் விழுந்து தெறித்து இடது முன்கையில் உள்ளங்கை அளவுக்குச் சுட்டது.

முதலாளி, மாஸ்டரைவிடப் பத்து வயது இளையவர், ஓடிவந்து "மாஸ்டரண்ணே, இதக் குடிங்க" என்று கெட்டிப்பால் டீயை வாயில் வைத்தார். விழுங்க முடிந்ததால் அது சரியான காரியம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சுட்ட இடத்தில் யாரோ பற்பசை தடவினார்கள். அது தவறு: 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டியிருக்க வேண்டும். கிளினிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அரை மணி நேரம். டீ குடித்த பிறகும் அங்கே அளவு 58. கடையில் எவ்வளவு இருந்திருக்கும் என்பதை ஊகிக்கத்தான் முடியும்.

கிளினிக்கில் கண்டது

குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்த்து 104 வந்த பிறகு, தீக்காயத்தைக் கழுவிக் கட்டினார்கள். அதன் பின் செவிலி மாஸ்டரின் மனைவியிடம் கேட்ட ஒரு கேள்விதான் இந்த நிகழ்வின் திருப்பம்: "அக்கா, இதுக்கு முன்னாடி போட்டுக்கிட்டிருந்த பாட்டில் வீட்ல இருக்கா?"

இருந்தது. பகலில் போய் எடுத்து வந்தார். இரண்டு குப்பிகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவே இருபது முறை உருட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்கள். புதியது ஒரே சீரான வெண்மை. பழையதில் நீர்த்த மோர் போல ஒரு திரவம்; கண்ணாடியின் உட்சுவரில் உறைபனி படிந்தது போல வெள்ளைத் திட்டு; கவிழ்த்தால் அரிசிக் குருணை அளவு துகள்கள் மெதுவாக இறங்கின. இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், பகல் வெளிச்சம் போதும்.

அன்று மாலை சோதனைக்காக அதே தெர்மாகோல் பெட்டியில் அதே அளவு ஐஸும் ஒரு பிடி உப்பும் போட்டு வெப்பமானியை வைத்தார்கள்: மைனஸ் 6. உப்பில்லாமல் கரையும் ஐஸில் வைத்தபோது பூஜ்ஜியத்தை ஒட்டி நின்றது. உப்பில்லாவிட்டாலும் ஐஸை ஒட்டி வைப்பது சரியில்லை. ஆலையிலிருந்து அப்போதுதான் வந்த கட்டி பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும். அதை ஒட்டிய குப்பி உறையலாம்.

வேறு காரணங்களையும் விட்டுவிடவில்லை. வயிற்றிலும் தொடையிலும் ஊசி போடும் இடங்களை விரலால் தடவிப் பார்த்தார்கள். ஒரே இடத்தில் போட்டுப் போட்டு வரும் கொழுப்புக் கட்டி இல்லை. பர்மாவில் காசநோய் அதிகம், சர்க்கரைக்காரருக்கு அது எளிதில் பற்றும், காரணம் தெரியாமல் சர்க்கரை ஏறினால் அதையும் பார்க்க வேண்டும் என்பதால் மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள், சுத்தம். கால், சிறுநீர், பல் மூன்றிலும் தொற்று இல்லை.

எடுத்த முடிவும் காரணமும்

பழைய குப்பியை எறிவதில் விவாதம் இல்லை. டோஸ் எவ்வளவு என்பதில்தான் இரண்டு கருத்து. ஜனவரியில் இருந்த 18ம் 12ம் ஆகவே திரும்பலாம் என்பது ஒன்று. அதற்கும் கீழே, 16ம் 10ம் என்று தொடங்கலாம் என்பது இன்னொன்று. பின்னதைத் தேர்ந்தார்கள். மார்ச், ஏப்ரல் இரவுகளில் வியர்த்து எழுந்ததை இவர் புழுக்கம் என்றே எண்ணியிருந்தார்; அவற்றில் சில தாழ்சர்க்கரையாக இருந்திருக்கலாம். அடிக்கடி தாழ்ந்தால் உடம்பு எச்சரிக்கை கொடுப்பதை நிறுத்திவிடும்: நடுக்கம், படபடப்பு எதுவும் தெரியாமல் நேரே குழப்பத்துக்குப் போய்விடும். 22ஆம் தேதி நடந்தது அதுதான். இரண்டு மூன்று வாரம் ஒரு முறைகூடத் தாழாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் அந்த எச்சரிக்கை திரும்பும். அதற்காக அந்த மூன்று வாரம் 180, 200 என்று இருந்தாலும் பரவாயில்லை என்று முடிவு. எண்ணெய்ச் சட்டிக்கு முன் நிற்கிறவருக்கு 200 இருப்பதைவிட 50 இருப்பது ஆபத்து.

பத்து நாள், தினம் நான்கு முறை அளவு: அதிகாலை 3, காலை 9, மாலை 6, இரவு 10. வெறும் வயிற்றில் தொடர்ந்து 150க்கு மேல் இருந்தால் மூன்று நாளுக்கு ஒருமுறை 2 யூனிட் கூட்டலாம். 80க்குக் கீழே ஒரு முறை வந்தாலும் கூட்டுவது நிற்கும், கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும்.

பானை

ஐஸ் வேண்டாம் என்றால் வேறென்ன? முதலில் மனைவிக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது, திறந்த குப்பிக்கு ஃபிரிட்ஜ் கட்டாயமில்லை என்று. பயன்பாட்டில் உள்ள குப்பியை 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் வெளியே வைக்கலாம். சரியான நாள் கணக்கு மருந்துப் பெட்டியில் உள்ள தாளில் இருக்கும். ஃபிரிட்ஜ் இல்லாத இடங்களுக்காக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்து 2021ல் வெளியிட்ட ஆய்வில், 25க்கும் 37க்கும் இடையே ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் வைத்த இன்சுலின், குளிரில் வைத்ததற்குச் சமமாகவே வீரியத்தோடு இருந்தது. கென்யாவின் அகதி முகாம் வீடுகளில் அளந்த வெப்பத்தை வைத்துச் செய்த சோதனை அது. இந்த வீட்டுத் தகரக் கூரை 37ஐயும் தாண்டுகிறது என்பதால் மட்டுமே பானை தேவைப்பட்டது.

பெரிய மண்பானை ஒன்று, அதற்குள் இரண்டு விரல் இடைவெளி விட்டு உட்காரும் சிறிய பானை ஒன்று. இரண்டுமே மெருகு பூசாதவை. மெருகு பூசினால் நீர் கசியாது, கசியாவிட்டால் குளிராது. அடியில் மூன்று விரல் ஆற்று மணல், இடைவெளியிலும் மணல். காலையும் மாலையும் மணல் நனையும் அளவு தண்ணீர், சுமார் ஒரு லிட்டர். வாயை ஈரத் துணியால் மூடி, அடுப்படியில் இல்லாமல் காற்றோடும் பின் தாழ்வாரத்து நிழலில், செங்கல்மேல் தூக்கி வைக்க வேண்டும். குப்பி நேராகத் தண்ணீரில் படக் கூடாது. பட்டால் லேபிள் உரிந்து தேதி போய்விடும். மூடியுள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள்ளே வைத்தார்கள். கூடவே ஒரு மலிவு வெப்பமானி.

ஏப்ரல் கடைசியில் வெளியே 37 இருந்தபோது பானைக்குள் 29. மே கடைசியில் மழை பிடித்ததும் வித்தியாசம் சுருங்கிவிட்டது. ஜூலையில் வெளியே 29, உள்ளே 28. காற்றே ஈரமாக இருக்கும்போது தண்ணீர் ஆவியாகாது, ஆகவே குளிராது. பானை கெட்டுவிட்டதோ என்று மனைவி பயந்தார். கெடவில்லை, மழைக்காலத்தில் அது தேவையில்லை, அவ்வளவுதான்.

திறக்காத குப்பிதான் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியது. அதை வீட்டில் வைப்பதில்லை என்று முடிவு செய்து, முதலாளி வீட்டில் ஜெனரேட்டர் இணைப்புள்ள ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், உறைபெட்டிச் சுவரை ஒட்டாமல், ஒரு மிட்டாய் டின்னுக்குள் வைத்தார்கள். ஒரு நேரத்தில் ஒரே குப்பி.

இன்னொரு கணக்கும் அப்போது தெரிந்தது. 10 மில்லியில் 1,000 யூனிட். நாளுக்கு 30 யூனிட் என்றால் 28 நாளில் 840தான் செலவாகும், 160 மிஞ்சும். மிச்சத்தை எறிய யாருக்கும் மனம் வராது, குறிப்பாக மருந்து விலை மாதாமாதம் ஏறும்போது. சில நாள் கூடுதலாக வைத்துக்கொண்டதை யாரும் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் குப்பியைத் திறந்த தேதியை லேபிளில் எழுதுவதும், ஒவ்வொரு ஊசிக்கும் முன் உருட்டி வெளிச்சத்தில் பார்ப்பதும் கட்டாயமானது.

கடையில் செய்த மாற்றம்

இங்கேதான் நேரம் பிடித்தது. முதலாளியின் முதல் யோசனை, மாஸ்டருக்கு ஒரு மாதம் சம்பளத்தோடு ஓய்வு. அன்பில் சொன்னதுதான். ஆனால் திரும்பி வந்தால் இடம் இருக்குமா என்ற பயத்தில் மாஸ்டர் அதை மறுத்தார். பிறகு மூன்று மாற்றங்களுக்கு ஒப்புக்கொண்டார்கள்.

முதலாவது, இரண்டு வாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி உதவியாளனிடம், மாஸ்டர் மாவு பிசைவதிலும் இட்லித் தட்டிலும். இரண்டாவது, காலை ஊசி 3 மணியிலிருந்து 5.15க்கு மாறியது, 5.45க்கு முழுச் சாப்பாடு, நான்கு இட்லியும் சாம்பாரும், உட்கார்ந்து 15 நிமிடம். 6 மணிக் கூட்டத்துக்கு முன் கிடைக்கும் ஒரே இடைவெளி அதுதான். 9.30க்கு இன்னொரு சின்னச் சாப்பாடு. கெட்டிப்பால் டீ ஒரு நாளில் ஒன்று. மீதி மேசையில் சும்மா கிடைக்கும் யேநுவேஜான், சர்க்கரையில்லாத வெறும் தேயிலைத் தண்ணீர். மூன்றாவது, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா: அளவுக் கருவி, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை வீதம் கட்டிய ஐந்து பொட்டலம், ஒரு பிளாஸ்டிக் தம்ளர்.

அந்த டப்பாவின்மேல் ஒட்டிய காகிதத்தைப் பர்மிய மொழியில் எழுதினார்கள், ஏனென்றால் பக்கத்தில் நிற்கிறவர்கள் பர்மியப் பையன்கள். இவருக்கு 'ஸீஜோ' (சர்க்கரை நோய்) இருக்கிறது. பேச்சு குழறினால், கேட்டதற்குப் பதில் இல்லையென்றால், வேலை தப்பாகப் போனால் ஒரு பொட்டலம் தண்ணீரில் கரைத்துக் கொடு. 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொன்று. விழுங்க முடியாவிட்டால் ஒன்றும் கொடுக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோ. வியர்வையை அடையாளமாக எழுதவில்லை, வேண்டுமென்றே.

கருவி கடைக்கு வந்த மூன்றாம் நாள் ஒரு பரபரப்பு: 9 மணிக்கு 318. மாஸ்டர் உடனே கூடுதல் ஊசி போடப் பார்த்தார். கிளினிக்குக்குப் போன் போட்டதும் வந்த கேள்வி, "கையக் கழுவினீங்களா அண்ணே?" அப்போதுதான் பலாட்டாவுக்கு வாழைப்பழம் நறுக்கிவிட்டு வந்திருந்தார். துணியில் துடைத்திருந்தார், கழுவவில்லை. சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் காய்ந்த பின் எடுத்தபோது 171. பலகாரக் கடையில் விரல் நுனி எப்போதும் இனிப்புதான். ஒரு துளி ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு பழச்சாறு கலந்தாலே எண் இரண்டு மடங்காகலாம். கருவிப் பட்டைகளின் டப்பாவையும் அடுப்பு நீராவியில் திறந்து வைக்கக் கூடாது என்று அன்றே சொல்லிவைத்தார்கள்.

சென்னையிலிருந்து வந்த இரண்டு குப்பிகள்

ஜூனில் உறவினர் ஒருவர் சென்னையிலிருந்து அதே 30/70 இன்சுலின் இரண்டு குப்பி வாங்கி வந்தார். பெயரும் கலவையும் ஒன்றுதான். ஆனால் லேபிளில் மில்லிக்கு 40 யூனிட் என்று இருந்தது. இந்தியாவில் இந்த 40 அளவுக் குப்பி சர்வ சாதாரணம்; அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. மாஸ்டர் வீட்டில் இருந்தது 100க்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. அதில் 18 கோடு வரை இழுத்தால் 0.18 மில்லி. 40 அளவுக் குப்பியிலிருந்து அவ்வளவு எடுத்தால் உள்ளே போவது 7.2 யூனிட் மட்டுமே. மாற்றிப் போட்டால், அதாவது 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 18 கோடு இழுத்தால், 45 யூனிட். அது ஆளைச் சாய்க்கும்.

மனைவி லேபிளைப் படித்துத் தானே கண்டுபிடித்தார். சிவப்பு மூடி சிரிஞ்சும் வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று உறவினர் சொன்னார். அரை இருட்டில் 5 மணிக்கு எடுக்கும் பொருள் என்பதால், ஒரே வீட்டில் இரண்டு வகை வேண்டாம் என்று குப்பிகளைக் கிளினிக்கில் ஒப்படைத்தார்கள்.

விளைவு

16ம் 10மில் தொடங்கியது மே 20க்குள் 18ம் 12மில் வந்து நின்றது. ஜனவரியில் இருந்த அதே டோஸ். நடுவில் 48 வரை போனதற்கு நோய் முற்றியது காரணமே இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆகஸ்ட் எச்பிஏ1சி 8.0, நவம்பரில் 7.7.

நடுக்கமும் படபடப்பும் மே நடுவிலிருந்து மறுபடி தெரியத் தொடங்கின. ஜூனிலும் செப்டம்பரிலுமாக இரண்டு முறை சர்க்கரை 70க்குக் கீழே இறங்கியது. இரண்டு முறையும் மாஸ்டர் தானே உணர்ந்து பொட்டலத்தை எடுத்துக் குடித்தார். தீக்காயம் மூன்று வாரத்தில் ஆறியது, தழும்பு இருக்கிறது. 5.45 சாப்பாட்டு இடைவேளை, கூட்டம் கூடிய நாட்களில் தள்ளிப்போகத்தான் செய்கிறது. அப்படித் தள்ளிப்போகும் என்று தெரிந்தால் ஊசியையும் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் சாப்பாடு கண்ணில் படட்டும், பிறகு ஊசி.

மறுபடி நடந்தால் எதை மாற்றுவது

மார்ச் நடுவில் முதல் போன் வந்தபோதே குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். எங்கே வைக்கிறீர்கள், எந்தச் சிரிஞ்சு, எப்போது திறந்தது, கையைக் கழுவினீர்களா: நான்கு கேள்வி, இரண்டு நிமிடம். பதில் சந்தேகமாக இருந்தால் புதுக் குப்பி வாங்கி, பழைய டோஸிலேயே மூன்று நாள் பார்ப்பது. அதற்குப் பிறகும் ஏறினால்தான் யூனிட்டைக் கூட்டுவது.

கூட்டியே ஆக வேண்டியிருந்தால், அடுத்த குப்பி திறக்கும் நாளில் டோஸ் குறைய வேண்டுமா என்று யோசிக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். இவர் விழுந்தது பழைய குப்பியில் அல்ல; நல்ல குப்பி வந்த மறுநாள்.

கடையை முன்கூட்டியே உள்ளே இழுத்திருக்க வேண்டும். மாஸ்டருக்குச் சர்க்கரை என்பது முதலாளிக்குத் தெரியும். ஊசி போடுவது தெரியாது. வேலை போய்விடுமோ என்று 3 ஆண்டுகள் மறைத்திருந்தார். அந்தப் பயத்தைத் தவறென்று சொல்லிவிட முடியாது. எல்லா முதலாளியும் இவரைப் போல இருப்பார் என்று உறுதியில்லை. குறைந்தபட்சம் பக்கத்தில் நிற்கும் ஒருவருக்காவது தெரிந்திருந்தால், 7.40க்கு முன் சில நிமிடமாவது மிச்சமாகியிருக்கும்.

மைத்துனருக்கு நடந்ததை யார் சொல்வது என்பதில் வீட்டில் கொஞ்ச நாள் தயக்கம். கடைசியில் மாஸ்டரே சொன்னார். 2024 மார்ச்சில் வெட்டு மறுபடி தொடங்கியபோது பானைக்குப் புது மணல் கொண்டுவந்து கொட்டியவர் அந்தத் தம்பிதான். போகும்போது தெர்மாகோல் பெட்டியைத் தன் வண்டிக்கு எடுத்துப் போய்விட்டார்.